மூன்றாம் அத்தியாயம், பதினேழாவது அடிக்குறிப்பு

ஓர் ஆய்வேட்டைக் கையில் கொடுத்தால் நான் கடைசிப் பக்கத்திலிருந்துதான் படிக்கத் தொடங்குவேன். முன்னுரையில் எல்லாரும் யோக்கியர்கள். ஆதாரப் பட்டியலில்தான் ஆள் யாரென்று தெரியும். மூட்டையின் வாய்ப்பக்கத்து அரிசியைப் பார்த்து விலை பேசுகிறவன் திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் ஒரு வாரம் தாங்கமாட்டான். குத்தூசியை மூட்டையின் அடிவயிற்றில் இறக்கி, அதில் வருகிற நாலு மணியைப் பல்லில் கடித்துப் பார்க்க வேண்டும். நான் அந்தத் தெருவில் பிறந்து வளர்ந்தவன். பிறகு சரித்திரம் படித்தேன், கல்லூரியில் வாத்தியாரானேன். குத்தூசியை மட்டும் கீழே வைக்கவில்லை.

பிள்ளைகள் எனக்கு ஃபுட்நோட் சார் என்று பேர் வைத்திருந்தார்கள். ஒரு பையன், தான் கண்ணால் பார்க்காத ஓர் ஆவணத்தை வேறொருவர் புத்தகத்திலிருந்து எடுத்து, நேரில் போய்ப் படித்ததுபோல அடிக்குறிப்பு போட்டிருந்தான். "அந்தக் காகிதம் என்ன நிறம்?" என்று கேட்டேன். "கொஞ்சம் மஞ்சள் சார், பழசு அல்லே" என்றான். அது ஓலைச்சுவடி. அந்தக் கதை துறையில் பத்து வருஷம் ஓடியது. நானே அதைப் பலமுறை சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

எங்கள் கடையில் சட்டம் நேர் எதிர். சரக்கு எந்த ஊரிலிருந்து, யாரிடமிருந்து வந்தது என்று வெளியே மூச்சு விடக் கூடாது. விருதுநகர் மிளகாய் வந்தால் அப்பா சாக்கை உள்புறம் வெளியே தெரியும்படி திருப்பித் தைக்கச் சொல்வார், முத்திரை தெரியாமல் இருக்க. வாங்குகிறவனுக்கு ஊர் தெரிந்தால் அடுத்த தடவை அவன் நேரே அங்கே போய்விடுவான். வகுப்பில் இதைச் சொல்லி, "என் அப்பா செய்ததற்கு நேர் எதிராகச் செய்தால் அதுதான் ஆராய்ச்சி" என்பேன். பிள்ளைகள் சிரிப்பார்கள், குறித்துக்கொள்ளவும் செய்வார்கள்.

நீங்கள் துறைப் பதிவேட்டில் 1997ஆம் வருஷத்துக்கு நேரே 'நிராகரிக்கப்பட்டது. ஆதாரம் புனையப்பட்டது' என்ற வரியைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறீர்கள். அந்த மாணவி யார், அப்படி என்னதான் புனைந்தாள் என்று கேட்கிறீர்கள். நான்தான் அவளுடைய கைடு. ஓய்வு பெற்று ஒரு வருஷமாகிறது. சொல்வதற்கு நேரம் இருக்கிறது.

அவள் பேர் சுஜா. அப்பா கரமனையில் ஒரு ஓட்டலில் தோசைக்கல்லில் நின்றவர். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம், ஆய்வேட்டில் ஆங்கிலம். மூன்றிலும் சுத்தமாகச் சண்டை போடுவாள். எம்.ஃபில். படிப்புக்கு அவள் எடுத்த தலைப்பு, சரக்கு அடைத்து வைக்கிற சாலைக் கிட்டங்கிகளில் மிளகாயும் சுக்கும் பொறுக்கிப் புடைத்த பெண்கள், 1950 முதல் 1975 வரை. நான் உடனே சம்மதித்தேன். நான் போட்ட கணக்கு இதுதான்: எங்கள் கடைகள் எதையும் எழுதி வைப்பதில்லை, ஆறு மாதம் அலைந்து ஒன்றும் கிடைக்காமல் அவளே தலைப்பை மாற்றிக்கொள்வாள். காகிதம் இல்லாமலும் ஆட்கள் ஞாபகம் வைத்திருப்பார்கள் என்பதை யோசிக்கவில்லை.

மூன்றாம் அத்தியாயம் 1997 பிப்ரவரியில் கைக்கு வந்தது. அதில் ஒரு தீ விபத்து இருந்தது.

பதினாறாவது அடிக்குறிப்பு ஒரு பத்திரிகைச் செய்தி. 1971 மார்ச், தேதி, பக்கம், பத்தி எண் எல்லாம் கச்சிதம். சாலையை ஒட்டிய ஆரியசாலைச் சந்தில் ஒரு மிளகாய்க் கிட்டங்கி பூட்டிக் கிடந்தபோது, பின்பக்க ஓட்டைப் பிரித்துத் திருட இறங்கிய மூன்று பெண்களில் உலகம்மை, மாடம்மாள் என்ற இருவர் தீயில் மாண்டார்கள், மூன்றாமவள் பிழைத்தாள். உரிமையாளர் அவள்மேல் புகார் கொடுக்காமல் மன்னித்துவிட்டார். செய்தி அவ்வளவுதான்.

பதினேழாவது இப்படி இருந்தது: 'நேர்காணல். அப்போது அங்கே வேலை செய்த பெண். பெயர் வெளியிட விரும்பவில்லை.' அந்தப் பெண் சொன்னது, அவர்கள் திருடவே இல்லை என்பது. மூன்று பேரும் கூலிக்குப் பொறுக்க வந்தவர்கள். கடைக்காரர்கள் மத்தியானம் சாப்பிடப் போகும்போது, பெண்கள் சரக்கை மடியில் கட்டிக்கொண்டு போய்விடக் கூடாது என்று வெளியே பூட்டிவிட்டுப் போவது அந்தத் தெருவின் வழக்கம். சாயங்காலம் திறப்பார்கள், அவர்கள் மடியை உதறிக் காட்டிவிட்டு வீட்டுக்குப் போவார்கள். அன்றைக்குத் தீ பிடித்தபோது பூட்டு தொங்கிக்கொண்டிருந்தது.

பொய்க்குத் தேதி, பக்கம், பத்தி எண் எல்லாம் இருந்தது. உண்மைக்கு ஒரு பேர்கூட இல்லை. என் தொழிலின் சட்டப்படி எது நிற்கும் என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. இன்னொன்றும் தெரிந்தது. அது எங்கள் கிட்டங்கி. பத்திரிகைக்காரருக்கு அந்தச் செய்தியைச் சொன்னவர் என் அப்பா. அப்பா அதற்குள் காலமாகிவிட்டார், அண்ணன் தங்கையன் கடையைப் பார்த்துக்கொண்டிருந்தான். சாரும் சாலைக்காரர் என்று சுஜாவுக்குத் தெரியும், எந்தக் கடை என்று தெரியாது.

"இந்தப் பதினேழுக்குப் பேர் எங்கே?" என்றேன்.

"அவங்க சம்மதிக்கல சார். பயமாக்கும்."

"யாரிடம் பயம்?"

"கடைக்காரங்ககிட்ட. கிட்டங்கிக்குப் பின்னால ஒரு ரூம்ல இருக்காங்க, வாடகை இல்லாம. தீக்கு அப்புறம் அவங்க குடுத்த ரூமு. பேரு வெளிய வந்தா அன்னைக்கே எறக்கி விட்டுருவாங்க. வேற போக்கிடம் இல்ல சார்."

"இலவசமாக ரூம் கொடுத்தார்களா. நல்ல மனுஷர்கள்."

"திருட வந்தவளுக்கு ஆராவது ரூம் குடுப்பாங்களா சார்? அதுலயே தெரியுதுல்லா."

இருபத்தாறு வருஷம் சாலையில் யாருக்கும் தோன்றாத கேள்வி அது. தோன்றியவர்கள் விழுங்கிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

நான் சிவப்புப் பேனாவால் அந்த அடிக்குறிப்பைச் சுழித்தேன். "பேர், வயது, கதவு எண், பேசிய தேதி. நாலும் இருந்தால் ஆதாரம். இல்லையென்றால் தெருவம்பு. வம்பை எடுத்துவிடு" என்றேன்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். பேர் சொல்ல அஞ்சுகிறவர்களுக்கு வழி உண்டு, எங்கும் உண்டு. அதற்கு இரண்டு வருஷம் முன்னால் ஹரிகுமார் என்ற மாணவன் கள்ளச்சாராயம் விற்கிறவர்களிடம் பேசி எழுதினான். அவர்களுக்கு 'அ', 'ஆ' என்று குறி போடு, உண்மைப் பேர்களை ஒரு தாளில் எழுதி உறையில் போட்டு ஒட்டி என்னிடம் கொடு, தேர்வாளர் சந்தேகப்பட்டால் நான் பொறுப்பு என்று நானே சொல்லிக்கொடுத்தேன். சுஜா உட்கார்ந்திருந்த நாற்காலிக்குப் பின்னாலிருந்த இரும்பு பீரோவில் அந்த உறை அப்போதும் இருந்தது. அவளிடம் நான் அதைச் சொல்லவில்லை.

கடைக்கு வந்தவரை அனுப்ப வேண்டுமென்றால் சரக்கு இல்லை என்று சொல்லக் கூடாது. அவருக்கு எட்டாத ஒரு விலையைச் சொல்ல வேண்டும். அவர் தானாகவே படியிறங்குவார், கடைக்கும் கெட்ட பேர் வராது. நான் சொன்னது அந்த மாதிரி விலை. அவள் பக்கத்தை எடுத்துவிடுவாள், யாருக்கும் நஷ்டமில்லை என்று நினைத்தேன். இந்த அளவில் நான் செய்தது பெரிய குற்றம் என்று சொல்ல மாட்டீர்கள்.

இரண்டு வாரம் கழித்துச் சுஜா வந்தாள். சிவப்புச் சுழிப்புக்குப் பக்கத்தில் முத்து முத்தாக எழுதியிருந்தாள்: முத்தாரம்மாள், வயது 62, கதவு எண், சந்தின் பேர், பேசிய இரண்டு தேதிகள். கேட்ட விலையை எண்ணி மேஜைமேல் வைத்த மாதிரி.

"எப்படிச் சம்மதித்தாள்?"

"உங்க பேரச் சொன்னேன் சார். எங்க சார் ரொம்பக் கண்டிப்பு, ஆனா நம்மள விட்டுக்குடுக்க மாட்டாருன்னேன். பேர இன்னொரு தடவ சொல்லச் சொன்னாங்க. பின்னே, 'அந்தப் பிள்ளையா ஒனக்கு வாத்தியாரு? அப்போ எழுதிக்கோ மக்களே, அவருக்குத் தெரியும்'ன்னாங்க. சாருக்கு அவங்கள அறியுமா?"

"சாலையில் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும்" என்றேன். அவள் போனபிறகு கையைப் பார்த்தேன். பேனா மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்திருக்கிறேன்.

அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு ஆரியசாலைக்குப் போனேன்.

அண்ணன் தராசுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தான். "வாடே வாத்தியாரே, வழி தெரிஞ்சுதா?" என்றான். நான் ஆங்கிலத்தை வரிவரியாகத் தமிழில் சொன்னேன். அவன் ஒரு மிளகாய் வற்றலைக் காம்பு கிள்ளிக்கொண்டே கேட்டான்.

"இத அச்சடிச்சு விப்பாங்களா?"

"இல்லை. நாலு பிரதி பைண்ட் போடுவார்கள். ஒன்று லைப்ரரிக்கு."

"எத்தன பேரு படிப்பான்?"

"மூணு பேர் இருக்கும்."

"பைண்ட் போட்டவனையும் சேத்தா?"

"சேர்த்துத்தான்."

அண்ணன் வயிறு குலுங்கச் சிரித்தான். "அப்போ விட்டுத் தள்ளுடே. கெழவி இன்னும் எத்தன நாளு. அப்பாவே போயாச்சு. நீ மோரு குடி."

அந்த இடத்தில் மோரைக் குடித்துவிட்டு நான் எழுந்து வந்திருக்கலாம். அண்ணன் நல்லவன் என்று சொல்லவில்லை, அவனுக்குச் சோம்பல். அந்தச் சோம்பலில் முத்தாரம்மாள் பிழைத்திருப்பாள். நான் சொன்னேன்: "நாலாவதாக ஒரு பத்திரிகைக்காரன் படித்தால் போதும். செத்த இரண்டு பேருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள்."

அவன் சிரிப்பு நின்றது. "என்ன செய்யணுங்கே?"

'நான் அப்படி எதுவும் பேசவே இல்லை' என்று அவளிடம் ஒரு காகிதம் வாங்கிவிட்டால் இந்தப் பக்கம் நிற்காது என்றேன். அதை எப்படி எழுதுவது என்று அவனுக்குத் தெரியாது. கடை பில்லின் பின்பக்கத்தில் நானே எழுதிக் கொடுத்தேன். பேர், வயது, கதவு எண், தேதி, இரண்டு சாட்சிகளுக்கு இடம். குறை சொல்ல முடியாத ஆவணம்.

மிரட்டாதே, நயமாகப் பேசு என்று அண்ணனிடம் சொல்லிவிட்டுத்தான் வந்தேன். அவன் நயமாகத்தான் கேட்டான். அவள் மாட்டேன் என்றிருக்கிறாள். 'வாத்தியாரு வந்து கேக்கட்டும்' என்றாளாம். மே மாசக் கடைசியில் ரிப்பேர் என்று அந்த அறையின் ஓடுகளை இறக்கினார்கள். திருவனந்தபுரத்தில் ஜூன் பிறந்தால் மழை, நாள் தப்பாது. கூரை இல்லாத அறையில் பதினொரு நாள் இருந்திருக்கிறாள், ஒரு தகரத்தையும் சாக்கையும் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு. நான் போகவில்லை. பரீட்சைத் தாள் திருத்துகிற நேரம். பன்னிரண்டாம் நாள் கைநாட்டு வைத்தாள். ஓடு திரும்ப ஏறவில்லை. வள்ளியூரில் தங்கச்சி மகள் வந்து கூட்டிப்போனதாக அண்ணன் சொன்னான். கார்த்திகைக்கு முன்னால் கண்ணை மூடிவிட்டாள். நெஞ்சில் சளி என்றார்கள்.

சுஜாவின் வாய்மொழித் தேர்வு ஜூலையில். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் நல்ல மனுஷர். கடையிலிருந்து துறைக்கு வந்த கைநாட்டுக் காகிதத்தை எடுத்து மேஜையில் வைத்தார்.

"இந்தம்மா உன்னிடம் பேசவே இல்லை என்கிறாரே?"

"பேசினாங்க சார். ரெண்டு தடவ."

"டேப் இருக்கிறதா?"

"இல்ல சார். டேப் வாங்க வழியில்ல. நோட்டுல எழுதினேன்."

"நீ எழுதியதற்கு நீயே சாட்சி ஆக முடியாதே அம்மா. இதைத் தெரிந்தவர் வேறு யாராவது உண்டா? ஒரே ஒரு ஆள் சொன்னால் போதும், இந்தப் பக்கம் நிற்கட்டும்."

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். கெஞ்சுகிற பார்வை இல்லை. முத்தாரம்மாள் அவளிடம் சொல்லி, அவள் ஏட்டில் எழுதாமல் விட்டது ஏதாவது உண்டா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நான் ஜக்கிலிருந்து தம்ளரில் தண்ணீர் ஊற்றி, நிதானமாகக் குடித்து, தம்ளரை அதே இடத்தில் வைத்தேன். தேர்வாளர் பேனாவை எடுத்தார்.

பிறகும் அவளுக்காகப் பேசினேன், அதை மறைப்பானேன். அந்த ஒரு பக்கத்தை எடுத்துவிட்டு மறுபடி கொடுக்கட்டும் என்று குழுவிடம் கேட்டு அனுமதியும் வாங்கினேன். அவள் ஒப்புக்கொள்ளவில்லை. "நடக்கலன்னு நான் எழுதித் தர மாட்டேன் சார். ரெண்டு பேரு கள்ளிங்கன்னு செத்துட்டாங்க" என்றாள். படிப்பு அதோடு நின்றது. இப்போது பாறசாலையில் ஒரு டுடோரியலில் பாடம் எடுக்கிறாள். போன வருஷம் பழவங்காடிப் பிள்ளையார் கோவில் வாசலில் பார்த்தேன். கையில் உடைக்கிற தேங்காயோடு நின்றவள், "சார், சுகமா" என்றாள். மகளிடம் என்னைக் காட்டி, "இந்த சார்தான் அம்மாவுக்காக ரொம்பப் பேசினாரு" என்றாள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். அவள் திட்டியிருந்தால் நீங்கள் கேட்டதற்கு இன்று நான் பதில் சொல்லியிருக்க மாட்டேன்.

கடையின் பேர், குடும்ப மானம் இதற்காகச் செய்தேன் என்று நீங்கள் எழுதிக்கொள்ளலாம். அண்ணனும் அப்படித்தான் நினைத்தான். அப்பா அந்தத் திருட்டுக் கதையைக் கட்டியது கடைக்காக என்றே அவன் நம்பினான். அப்பா அதைக் கட்டியது எனக்காக.

1971இல் எனக்கு இருபது வயது. பி.ஏ. பரீட்சைக்குப் படிக்க லீவு விட்டிருந்தார்கள். அன்று மத்தியானம் அண்ணன் ஊரில் இல்லை. அப்பா சாப்பிடப் போகும்போது கிட்டங்கிச் சாவியை என்னிடம் கொடுத்தார். பன்னிரண்டரைக்கு நான் பூட்டினேன். உள்ளேயிருந்து முத்தாரம்மாள், "தம்பி, குடிக்கத் தண்ணி வச்சிட்டுப் போங்க" என்றாள். வந்து தருகிறேன் என்று சொல்லிவிட்டுப் பழவங்காடிக்கு நாரங்காவெள்ளம் என்கிற எலுமிச்சைச் சாறு குடிக்கப் போனேன். திரும்பும்போது ஒன்றேகால் இருக்கும். சந்து முழுக்க இருமிக்கொண்டிருந்தது. மிளகாய் எரிகிற புகையில் யாரும் கண்ணைத் திறக்க முடியாது. மூட்டை சுமக்கிற சுமட்டுத் தொழிலாளிகள் நாலைந்து பேர் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு கடப்பாரையால் பூட்டை அடித்தார்கள். அது திண்டுக்கல் பூட்டு. உள்ளேயிருந்து கதவைத் தட்டுகிற சத்தம் கேட்டது.

நான் கூட்டத்தில் மூன்றாவது வரிசையில் நின்றேன். சாவி கால்சட்டைப் பையில் இருந்தது, கை அதன்மேல் இருந்தது. எடுத்து நீட்டினால் அத்தனை முகமும் என் பக்கம் திரும்பும். ஆட்களை உள்ளே வைத்துப் பூட்டினது இவன்தான் என்று தெரிந்துவிடும். வெட்கமாக இருந்தது. வேறு ஒன்றும் இல்லை, வெட்கம்தான். அடுத்த அடியில் உடைந்துவிடும் என்று நினைத்தேன். ஒவ்வொரு அடிக்கும் அப்படியே நினைத்தேன். பத்து நிமிஷம் ஆகியிருக்கும். பூட்டு உடையவில்லை, கதவு நிலையோடு பெயர்ந்தது. முத்தாரம்மாளை முதலில் இழுத்துப் போட்டார்கள். அவள் தரையில் கிடந்தபடி, நீர் கொட்டுகிற கண்ணால், பைக்குள் இருந்த என் கையைப் பார்த்தாள். மற்ற இருவரையும் பிறகு எடுத்தார்கள்.

ஆக, அந்த அடிக்குறிப்புக்கு நான் கேட்ட பேர், வயது, கதவு எண், தேதி நாலையும் சுஜா வேறு எங்கும் போய்த் தேடியிருக்க வேண்டாம். எதிரே உட்கார்ந்து சிவப்புப் பேனாவால் திருத்திக்கொண்டிருந்தவனிடமே எல்லாம் இருந்தது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். வாய்மொழித் தேர்வன்று அந்த அறையில் சுஜா என்னைப் பார்த்தாளே தவிர, வாய் திறந்து கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அந்த மத்தியானமும் அப்படித்தான். அவ்வளவு கூட்டத்தில் ஒருத்தனாவது திரும்பி, தம்பி, சாவி ஒன்கிட்ட இருக்கா என்று கேட்டிருந்தால், உடனே எடுத்துக் கொடுத்திருப்பேன்.